மாலையைக் கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் தேதி காஞ்சிபுரத்து டீக்கடைகளில் ஒரு மாற்றம் தெரியும். பிள்ளையார்பாளையத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் நேற்றுவரை விடியற்காலையில் ஒரு கையில் டீயும் ஒரு கையில் பீடியுமாக நின்றவர்களில் பலர் கருப்பு வேட்டியும் துளசி மாலையுமாக வந்து நிற்பார்கள். டீ மட்டும் குடிப்பார்கள். பெட்டிக்கடைக்காரரும் அவர்களிடம் பீடிக்கட்டை நீட்ட மாட்டார். "என்ன சாமி, எப்போ மலைக்கு?" என்று கேட்டு அனுப்பிவிடுவார். இருபது வருடம் ஒரு நாளும் விடாமல் புகைத்தவர், 41 நாள் ஒரு இழுப்புகூட இழுக்காமல் இருப்பார். இருமுடி இறக்கி, மாலையைக் கழற்றிய அன்றோ மறுநாளோ, அதே கடை வாசலில் மறுபடியும் பற்றவைப்பார்.

ஊர் இதை இரண்டு விதமாகப் பேசும். "சாமிக்காக விட்டவன் பெண்டாட்டி பிள்ளைக்காக விட மாட்டானா, எல்லாம் திமிர்" என்று வீட்டார் சொல்வார்கள். "அது ஐயப்பன் கொடுத்த சக்தி, நம்மால் ஆகிற காரியமா" என்று அவரே சொல்வார். முதல் பேச்சு அவரைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது பேச்சு அவரைக் கையாலாகாதவர் ஆக்குகிறது. அந்த 41 நாளில் அவருடைய உடம்புக்குள் என்ன நடந்தது என்று பார்த்தால் இரண்டுமே தப்பு என்று தெரியும். பீடியையோ சிகரெட்டையோ விட நினைக்கும் எவருக்கும் பயன்படக்கூடிய ஒரு விஷயம் அந்த மாலைக்குள் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நிக்கோட்டினிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

புகையை உள்ளே இழுத்ததும் அதிலுள்ள நிக்கோட்டின் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, 10 முதல் 20 நொடிக்குள் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. மூளையின் நரம்புச் செல்களில் அசிட்டைல்கோலின் என்கிற, உடம்பு தானே சுரக்கும் ரசாயனத்துக்காக ஏற்பிகள் இருக்கின்றன. நிக்கோட்டினும் அந்த ஏற்பிகளில் பொருந்திக்கொள்ளும். பொருந்தியதும் டோபமைன் சுரக்கும். சாப்பாடு, பிள்ளையின் சிரிப்பு, முடித்த வேலை என்று நமக்கு இதமாக இருக்கிற எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் அதே டோபமைன்தான். "இது நல்லா இருந்தது, மறுபடியும் செய்" என்று மூளை குறித்துக்கொள்ளும். ஒரு பீடிக்குப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு, நாளைக்கு ஒரு கட்டு என்று வைத்துக்கொண்டால், ஒரே நாளில் இந்தக் குறிப்பு எத்தனை தடவை எழுதப்படுகிறது என்று பாருங்கள். வேறு எந்தப் பழக்கத்துக்கும் இத்தனை ஒத்திகை கிடையாது.

நிக்கோட்டின் நாள்தோறும் வந்துகொண்டே இருந்தால் ஏற்பிகள் மரத்துப்போகும். மூளை அதை ஈடுகட்டுவதற்காக ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். இங்கேதான் வலை விழுகிறது. ரத்தத்திலுள்ள நிக்கோட்டின் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அது குறையக் குறைய, அதிகமாகிவிட்ட ஏற்பிகள் காலியாகக் கிடந்து தவிக்கும். எரிச்சல், பரபரப்பு, ஒன்றிலும் மனம் நிற்காமை. இந்த நெசவு ஊரில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவரையே பாருங்கள், தறியருகே அவர் பற்றவைப்பதில்லை. பட்டில் ஒரு பொறி விழுந்தால் சேலை போச்சு. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாடாவை வைத்துவிட்டுத் தெருவுக்கு எழுந்து வருவார். கால் மரத்துப்போச்சு, ஒரு டீ குடிக்கலாம் என்று அவர் நினைப்பார். மூளைக்குள் ஓடும் கணக்கும் ஏறத்தாழ அதே 2 மணி நேரம்தான்.

இரவு தூங்கும்போது நிக்கோட்டின் பெரும்பாலும் வடிந்துவிடும். அதனால்தான் காலையில் முதல் பீடிக்கு அவ்வளவு ருசி. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஃபாகர்ஸ்ட்ரோம் உருவாக்கிய, உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாளில் மிக முக்கியமான கேள்வி, நீங்கள் எழுந்ததிலிருந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடியோ சிகரெட்டோ பற்றவைக்கிறீர்கள் என்பதே. 5 நிமிடத்துக்குள் என்றால் பிடி மிகவும் இறுகியிருக்கிறது. 30 நிமிடத்துக்குள் என்றாலும் மருந்து இல்லாமல் விடுவது கஷ்டம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடிகிறதென்றால் உங்களுக்குப் பாதி வேலை குறைவு.

"டென்ஷனுக்குத்தான் பிடிக்கிறேன்" என்று சொல்லாத புகைப்பவர் இல்லை. முதலாளி கூலியைக் குறைத்துவிட்டார், பட்டு விலை ஏறிவிட்டது, மகள் கல்யாணம் நிற்கிறது, ஒரு தம் போட்டால்தான் மனசு ஆறுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே ஆறுகிறது. ஆனால் ஆறுவதில் பெரும்பங்கு, முந்தைய பீடியின் நிக்கோட்டின் இறங்கியதால் வந்த பதற்றம். கூலிப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும். விட்டவர்களையும் விடாதவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் திரட்டி 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு கட்டுரை வெளியிட்டது. சில வாரங்கள் கடந்த பின், விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் முன்பைவிடக் குறைந்திருந்தன. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பீடியை விட்டால் வாழ்க்கையின் ஒரே ஆறுதலும் போய்விடும் என்ற பயம்தான் பலரை முதல் நாளே தடுத்துவிடுகிறது.

விட்டபின் வரும் தவிப்பு எப்படி இருக்கும்? கடைசி பீடி முடிந்து சில மணி நேரத்தில் ஆரம்பிக்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். முதல் வாரம் கடுமையாக இருக்கும். அதன் பிறகு மெல்ல வடிந்து, பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரத்தில் அடங்கிவிடும். அதிகமாகிப்போன ஏற்பிகள் 6 முதல் 12 வாரத்தில் புகைக்காதவர்களின் அளவுக்குத் திரும்பிவிடுகின்றன என்று மூளைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. உதவி ஏதுமில்லாமல் விடுபவர்களில் மிகப் பலர் முதல் 8 நாளுக்குள்ளேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். அந்த எட்டு நாளில் என்னென்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், வரும்போது பயம் குறையும்.

கோபம் வரும். சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டில் கத்துவீர்கள். தூக்கம் துண்டு துண்டாகும், கனவு அதிகமாகும். பசி எடுக்கும், இனிப்பு தேடும். ஒரு வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ எடை கூடலாம். புகையால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வந்துகொண்டிருந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் இந்த எடை பெரிய விஷயமில்லை. இருமல் கொஞ்ச நாள் கூடும். ஏனென்றால் காற்றுக்குழாயின் உட்சுவரிலுள்ள நுண்ணிய மயிரிழைகள் மறுபடியும் வேலை செய்து சளியை வெளியே தள்ள ஆரம்பிக்கும். "விட்டதும்தான் இருமல் வந்தது" என்று பீடிக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். பிறகு, யாரும் வெளியே பேசாத ஒன்று: மலச்சிக்கல். காலையில் பீடி பிடித்தால்தான் வயிறு இறங்கும் என்று சொல்லும் ஆண்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். நிக்கோட்டின் குடலைத் தூண்டுவது உண்மை. நிறுத்தினால் குடல் சில வாரம் மந்தமாகும். தண்ணீர், கீரை, வாழைப்பழம், தேவைப்பட்டால் மருத்துவரிடம் கேட்டு லேசான மலமிளக்கி. இதற்காக ஒரு பீடியைப் பற்றவைத்தால், கட்டில் உள்ள மற்றவையும் பின்னாலேயே வரும்.

டீ குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புகையிலுள்ள தார் போன்ற சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, டீ காபியிலுள்ள கஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். நேற்று குடித்த அதே ஐந்து டீ இன்று ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். "பீடி இல்லாததால்தான் இப்படி" என்று நினைத்துக்கொள்வோம். பாதிக் காரணம் டீயாக இருக்கும். விட்ட நாளிலிருந்து டீ காபியைப் பாதியாகக் குறையுங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சாப்பிடுபவர்கள், மனநோய்க்குக் குளோசபைன் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கும் இதே காரணத்தால் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுவது கட்டாயம்.

கவனம் சிதறுவதுதான் நெசவாளிக்குப் பெரிய இடி. கோர்வையில் ஒரு இழை தப்பினாலும், ஜரிகை புட்டாவில் கணக்கு விட்டாலும் சேலையில் தெரியும், கூலியில் பிடிப்பார்கள். அதனால் விடும் தேதியைத் தறி பார்த்துத்தான் வைக்க வேண்டும். முகூர்த்தச் சேலைக்கு நாள் நெருக்கும் வாரத்தில் வேண்டாம். ஒரு பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு இழைகள்) முடிந்து அடுத்த பாவு ஏறுவதற்கு இடையில் சில நாள் கிடைக்குமே, அந்த நாட்களில் முதல் மூன்று நாள் விழும்படி வையுங்கள். உச்சமான தவிப்பு தறிக்கு வெளியே கழிந்துவிடும். தேதி வைத்துவிட்டால் அன்றைக்கு ஒரேயடியாக நிறுத்துவது நல்லது. பிரிட்டனில் 697 பேரை வைத்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் தாண்டியும் புகைக்காமல் இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம்.

இப்போது மாலை போட்டவருக்கு வருவோம். 41 நாள் என்பது ஏறக்குறைய 6 வாரம். அதாவது, தவிப்பின் உச்சத்தை அவர் முதல் வாரத்திலேயே கடந்துவிட்டார். நான்காவது வாரத்தில் உடம்பின் தவிப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது. மலையேறும்போது அவருடைய மூளையின் ஏற்பிகளில் பெரும்பகுதி சாதாரண நிலையை நெருங்கியிருக்கும். எல்லோரும் பயப்படுகிற அந்தக் கடினமான பகுதியை, மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல், வெறும் காலோடு நடந்து முடித்திருக்கிறார். கையாலாகாதவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள அவருக்கு எந்த உரிமையும் இல்லை.

அவ்வளவு சுலபமாக எப்படி முடிந்தது? டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ரூவென் டார் என்ற உளவியலாளர் செய்த இரண்டு ஆய்வுகள் இதைப் புரியவைக்கின்றன. சனிக்கிழமை ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது என்பது யூத மத விதி. பற்றுள்ள யூதர்களில் வாரம் முழுக்கப் புகைப்பவர்களும் அன்று புகைப்பதில்லை. அன்று அவர்களுக்கு வரும் ஏக்கம், மற்ற நாளில் கட்டாயமாக நிறுத்தி வைத்தபோது வந்த ஏக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தது. இன்னொரு ஆய்வு விமானப் பணிப்பெண்கள், பணியாளர்களைப் பற்றியது. குறுகிய பயணம், நீண்ட பயணம் இரண்டிலும் அவர்களிடம் ஏக்கத்தை அளந்தார்கள். குறுகிய பயணம் தரையிறங்கும் நேரத்தில் ஏக்கம் உச்சத்தில் இருந்தது. நீண்ட பயணத்தில் அதே மணி நேரம் கடந்தபோது அவ்வளவு ஏக்கம் இல்லை. அந்தப் பயணத்திலும் தரையிறங்கும்போதுதான் ஏக்கம் ஏறியது. ரத்தத்தில் நிக்கோட்டின் இறங்குவது இரண்டிலும் ஒன்றுபோலத்தான். ஆனால் "இன்னும் கொஞ்ச நேரத்தில் பிடிக்கலாம்" என்ற எண்ணம் ஏக்கத்தைக் கிளப்புகிறது. "இப்போது வழியே இல்லை" என்று முடிவாகிவிட்டால் மனம் அந்தப் பக்கம் போவதில்லை.

மாலை அந்த வழியை அடைத்துவிடுகிறது. அது மட்டுமல்ல. புகையை விட வைப்பதற்கு, மருந்து தவிர மருத்துவம் இன்று பரிந்துரைக்கும் அத்தனையும் அந்த விரதத்தில் இருப்பதைப் பாருங்கள். முன்கூட்டியே குறித்த தேதி. ஊரறிய அறிவிப்பு. கழுத்தில் எல்லோருக்கும் தெரியும் அடையாளம். விடியற்காலைக் குளியல், மாலையில் பஜனை என்று பழைய நேரங்களை நிரப்ப வேறு வேலை. கூடவே விரதம் இருக்கும் நண்பர்கள், கேட்டு நடக்க ஒரு குருசாமி. குடியும் கிடையாது, விட்டவர்களை மறுபடியும் இழுப்பதில் குடிக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டிலும் தெருவிலும் "சாமி" என்ற மரியாதை. இவ்வளவையும் ஒரே மாலையில் கோத்து வைத்த நம் மக்களின் அனுபவ அறிவை நான் வியக்கிறேன். ஒன்றே ஒன்றுதான் அதில் இல்லை: மாலையைக் கழற்றிய பிறகு என்ன செய்வது என்பது. விரதம் அதற்காக ஏற்பட்டதும் அல்ல.

மாலை போட்ட நெசவாளி பாவு ஏற்றுவதை நினைத்துப் பார்க்கட்டும். பழைய பாவின் நுனியில் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாகப் பிணைத்தால்தான் தறி ஓடும். இருபது வருடத்தில் பீடியும் அப்படித்தான் அவருடைய நாளோடு பிணைந்திருக்கிறது. காலை டீயோடு ஒரு முடிச்சு. சாப்பிட்டு எழுந்த நிமிடத்தோடு ஒன்று. முதலாளி வீட்டில் சேலையைக் கொடுத்துவிட்டுக் கணக்குப் பார்க்கக் காத்திருக்கும் திண்ணையோடு ஒன்று. பஸ் ஸ்டாண்டில் நண்பனைப் பார்த்ததோடு ஒன்று. மழை பெய்து தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்ற பகலோடு ஒன்று. நிக்கோட்டின் உடம்பைவிட்டுப் போய்விட்டாலும் இந்த முடிச்சுகள் தாமாக அவிழ்வதில்லை. அந்த இடம், அந்த நேரம், அந்த ஆள் வந்ததும் ஏக்கம் எழும்பும். மாலை போட்ட 41 நாளும் அவர் வேறொரு வாழ்க்கை வாழ்ந்தார். பழைய முடிச்சுகள் தொடப்படாமல் அப்படியே இருந்தன. மாலையைக் கழற்றிவிட்டுப் பழைய டீக்கடைக்குப் போன அந்தக் காலை, அத்தனையும் ஒரேசமயத்தில் இழுத்தன.

முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, அதே இடத்தில் அதே நேரத்தில் பீடி இல்லாமல் இருந்து பழகுவது. ஒவ்வொரு தடவையும் ஏக்கம் எழும்பும், சில நிமிடம் இருக்கும், இறங்கும். புகைக்காமல் அதைக் கடந்த ஒவ்வொரு தடவையும் முடிச்சு கொஞ்சம் தளரும். எல்லாவற்றையும் ஒரேநாளில் சந்திக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் டீயை வீட்டிலேயே குடிக்கலாம். சாப்பிட்டதும் பல் தேய்த்துவிடலாம், அல்லது தெருமுனை வரை நடக்கலாம். புகைக்கும் நண்பர்களோடு டீக்கடைக்குப் போவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. போடும் அன்றே, மாலை கழற்றிய பிறகான முதல் வாரத்துக்கும் ஒரு திட்டம் எழுதி வையுங்கள். குருசாமியிடமே சொல்லி வையுங்கள். ஒரு மண்டலம் என்றால் என்ன என்று காஞ்சிபுரத்துக்குச் சொல்லித்தர வேண்டுமா? 2019இல் அத்தி வரதர் 48 நாள் எழுந்தருளியபோது ஊரே தன் அன்றாடத்தை மாற்றிக்கொண்டதே. மலையிலிருந்து வந்த பின் இன்னொரு மண்டலம் எடுத்தால் ஏற்பிகள் சீராகும் 12 வாரமும் ஏறக்குறைய நிறைந்துவிடும்.

எல்லோரும் மாலை போடுவதில்லை. போடாமல், எந்த உதவியும் இல்லாமல், மன உறுதியை மட்டும் நம்பி விடுபவர்களில் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை நிலைப்பவர்கள் 100க்கு 3 முதல் 5 பேர்தான். அதனால் மருந்தைக் கேவலமாக நினைக்க வேண்டாம். நிக்கோட்டின் கம், வில்லை, ஒட்டும் பட்டை ஆகியவை புகையில்லாமல் நிக்கோட்டினை மட்டும் குறைந்த அளவில் கொடுத்து, முதல் வாரங்களின் தவிப்பைத் தணிக்கின்றன. விடும் வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் கூட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் கம்மையும் ஒட்டும் பட்டையையும் 2009இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. "இதுவும் நிக்கோட்டின்தானே" என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் புற்றுநோயைத் தருவதும் நுரையீரலைக் கெடுப்பதும் புகையிலுள்ள தாரும் மற்ற நச்சுகளும்தான். அதோடு, கம்மிலிருந்து நிக்கோட்டின் மெதுவாக ஏறுவதால் இழுப்பில் கிடைக்கும் அந்தச் சட்டென்ற சுகம் இல்லை. அடிமைப்படுத்தும் வேகம் அதற்குக் குறைவு.

கம்மைப் பலர் தப்பாக மெல்லுகிறார்கள். பபிள்கம் மாதிரி மென்றால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், வேலையும் செய்யாது. மெதுவாக மெல்லுங்கள். காரமான, சுருக்கென்ற ருசி தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். ருசி போனதும் மறுபடியும் மெல்லுங்கள். இப்படியே அரைமணி நேரம். மெல்லுவதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்து காபி, ஜூஸ், கோலா எதுவும் குடிக்கக் கூடாது; வாயின் புளிப்பு நிக்கோட்டினை உள்ளே விடாது. முதல் ஆறு வாரம் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு படிப்படியாகக் குறைத்து மூன்று மாதத்தில் முடிப்பது வழக்கம். எழுந்த அரைமணிக்குள் பற்றவைப்பவர்களுக்கு 2 மில்லிகிராம் போதாமல் போகலாம், மருத்துவர் 4 மில்லிகிராம் எழுதிக் கொடுப்பார். கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வரெனிக்லின், புப்ரோபியான் என்று இரண்டு மாத்திரைகளும் உண்டு. இரண்டையும் விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றைத் தொட வேண்டாம்.

தவிப்பு தாங்காமல் பீடியை விட்டுப் பொடிக்கோ, வாயில் அடக்கும் புகையிலைக்கோ மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். "புகை இல்லையே" என்பார்கள். இந்த ஊருக்கு அதன் விலை தெரியும். 1909இல் இங்கே ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணா, பொடியும் புகையிலையும் பழகியவர். முதலமைச்சராகி ஒன்றரை ஆண்டில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் தெரிந்தது. 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று, 60 வயதுகூட ஆகாமல் போனார். புகையில்லாப் புகையிலைக்கும் வாய், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவம் உறுதி செய்திருக்கிறது. காரப்பேட்டையில் அவர் பெயரில் நிற்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனை வாசலில் ஒரு காலைப் பொழுது நின்றால் போதும், அங்கே யார் யார் எந்த ஊரிலிருந்து வந்து காத்திருக்கிறார்கள் என்று தெரியும். மின் சிகரெட்டும் மாற்றுவழி ஆகாது; இந்தியா முழுக்க 2019இலிருந்து அதற்குத் தடை.

"வெறும் பீடிதானே, சிகரெட் இல்லையே" என்பதும் அப்படித்தான். பீடியில் புகையிலை குறைவு. ஆனால் இலை காற்றை விடாது, இழுக்காவிட்டால் அணைந்துபோகும். அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும். நம் மாநிலத்தின் கதையே இதற்குச் சாட்சி. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றி மருத்துவர் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் செய்த ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வந்தது. புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது மற்றவர்களைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. கிராமங்களில் புகை என்றால் பெரும்பாலும் பீடிதான்.

எந்த வயதில் விட்டாலும் பலன் உண்டு. பிரிட்டன் மருத்துவர்களை 50 ஆண்டு பின்தொடர்ந்த ரிச்சர்ட் டால், புகைப்பவர்கள் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள் என்று 2004இல் காட்டினார். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்து ஆண்டும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பக் கிடைத்தது. 40இல் விட்டால் 9, 50இல் 6, 60இல்கூட 3 ஆண்டு. கண் மங்கித் தறியைவிட்டு இறங்கிய பெரியவருக்கும் இது பொருந்தும்.

வீட்டார் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் கடினமானது. முதல் வாரத்துக் கோபத்தை அவருடைய குணமென்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது இறங்கிவிடும். "இதுக்குப் பீடியே பிடிச்சுத் தொலையலாம்" என்ற வார்த்தை மட்டும் எந்தச் சண்டையிலும் வாயில் வர வேண்டாம். அவர் கையில் பணம் கொடுத்துக் கடைக்கு அனுப்ப வேண்டாம், கடை வேலையைக் கொஞ்ச நாள் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும். மாலை போட்டபோது கொடுத்த அதே மரியாதையை, மாலை இல்லாத போதும் கொடுங்கள்.

தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. 2018 செப்டம்பரிலிருந்து புகையிலைப் பாக்கெட்டுகள்மேல் அச்சாகிறது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். ஒரு தேதி குறிக்க உதவி, பிறகு அவர்களே திரும்ப அழைத்துக் கேட்பார்கள். அரசு மருத்துவமனைக்குப் போனால் நெஞ்சக மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ "பீடியை விடணும், மருந்து வேணும்" என்று நேராகச் சொல்லுங்கள். வேறு நோய்க்குப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னால் அது குறிப்பில் ஏறாமல் போகும்.

மறுபடியும் ஒன்று பற்றவைத்துவிட்டால்? இந்தியப் புகைப்பவர்களில் 38 சதவீதத்துக்கு மேல் ஒரே வருடத்தில் விட முயன்றவர்கள் என்று 2016-17 கணக்கெடுப்பு சொல்கிறது. தடுக்கி விழுவது எல்லோருக்கும் நேர்கிறது, பல தடவை முயன்ற பிறகு விட்டவர்களே அதிகம். பிடித்தது ஒன்று என்றால், மிச்சக் கட்டை அந்த நிமிடமே தண்ணீரில் போடுங்கள். எந்த இடம், என்ன நேரம், பக்கத்தில் யார் என்று எழுதி வையுங்கள். அவிழ்க்காமல் விட்ட முடிச்சு அதுதான். கம் பாதியில் நிறுத்தியிருந்தால் மறுபடியும் ஆரம்பியுங்கள். நிறைந்த நாட்களை அழித்து முதலிலிருந்து எண்ணத் தேவையில்லை. புகைக்காமல் கழித்த ஒவ்வொரு நாளும் உங்கள் மூளையில் ஏற்கெனவே வேலை செய்துவிட்டது. அடுத்த டீக்கு வேறு கடைக்குப் போங்கள்.